எண்ணெய்க் கிணறும் எரிவாயுக் குழாயும்: உழவர் கையில் இருக்க வேண்டிய கணக்கு

(தருமபுரி மாவட்ட உழவர் பயிற்சி முகாமில் உழவியல் துறை உதவிப் பேராசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிலக்கடலை, கேழ்வரகு, மா, தக்காளி என்று பயிர்களைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியர், எண்ணெய்க் கிணற்றைப் பற்றிப் பேச ஏன் வந்தார் என்று நீங்கள் கேட்கலாம். தருமபுரியில் எண்ணெய்க் கிணறு இல்லை என்பது உண்மையே. நம் காலடியில் இருப்பது கெட்டிப் பாறை. பெட்ரோலியமோ, பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீருக்கடியில் வண்டலோடு சேர்ந்து புதைந்த நுண்ணுயிர்களிலிருந்து உண்டானது. வண்டல் படிந்து அடுக்கடுக்காக அமைந்த பாறைகளில்தான் அது தேங்கி நிற்கும். நம் ஒகேனக்கல்லில் பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் அதே காவிரி, கீழே தஞ்சைப் பகுதியில் வண்டல் நிலத்தில் பாய்கிறது. அங்கேதான் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்படுகின்றன.

ஆனால் எடுத்த எரிவாயு ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கிறது. எரிவாயுக் குழாய்த் திட்டம் நம் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. மேலும், எண்ணெய்க் கிணற்றுக்குச் சொல்லும் கண்காணிப்பு முறை, ஜவ்வரிசி ஆலைக்கும், மாங்கூழ் ஆலைக்கும், கல் அறுக்கும் பட்டறைக்கும் அப்படியே பொருந்தும். ஆகவே, தஞ்சை உழவர்கள் பட்ட அனுபவத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

கதிராமங்கலத்தில் நடந்தது

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் பணி பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. 1985 இல் நரிமணத்தில் எண்ணெய் கண்டறியப்பட்டது. அதன்பின் திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பகுதிகளில் பல ஊர்களில் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் கிணறுகள் அமைத்தது. நெல் வயல்களுக்கு நடுவே கிணறும், வயல்களுக்கு அடியில் குழாயும் என்ற நிலை அங்கே பழகிப் போயிற்று.

கும்பகோணத்தை அடுத்த கதிராமங்கலம் அத்தகைய ஊர்களில் ஒன்று. 2017 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள், அவ்வூரில் வயலுக்கடியில் சென்ற கச்சா எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டது. எண்ணெய் வயலில் பரவியது. மாவட்ட ஆட்சியர் நேரில் வர வேண்டும் என்று மக்கள் கோரி நின்றனர். அங்கே தீயும் பிடித்தது. காவல்துறை தடியடி நடத்தியது. பலர் கைது செய்யப்பட்டனர். அதைத் தொடர்ந்து பல மாதங்கள் அவ்வூரில் போராட்டம் நடந்தது.

அந்தப் போராட்டத்தில் ஊர்மக்கள் சொன்ன முக்கியமான குறை தண்ணீரைப் பற்றியது. முன்பு தெளிவாக இருந்த நிலத்தடி நீர் நிறம் மாறிவிட்டது என்றார்கள். எங்கள் பணியால் நிலத்தடி நீர் கெடவில்லை என்றது நிறுவனம். இந்த வாதத்தை எப்படித் தீர்ப்பது? இன்றைய தண்ணீரைச் சோதித்தால் இன்றைய நிலை மட்டுமே தெரியும். கிணறு தோண்டுவதற்கு முன் அதே வீட்டுக் குழாயில், அதே வயல் கிணற்றில் தண்ணீர் எப்படி இருந்தது என்ற அளவு கையில் இருந்தால்தான், மாற்றம் உண்டா இல்லையா என்று யாரும் மறுக்க முடியாதபடி சொல்லலாம். இன்று நான் சொல்ல வந்தவற்றில் தலையாயது இதுதான்: முன் அளவு இல்லாதவருக்குப் பின் சேதத்தை நிறுவுவது மிகவும் கடினம்.

மண்ணுக்கு என்ன ஆகிறது?

எண்ணெய்க் கிணற்றால் நிலத்துக்கு வரக்கூடிய கேடுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை.

முதலாவது, கச்சா எண்ணெய். இது மண் துகள்களின் மேல் படலமாகப் படிகிறது. மண்ணில் நீர் இறங்காது, காற்றும் போகாது. வேர் மூச்சு விட முடியாமல் திணறும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் எண்ணெயை உணவாக்கிக்கொள்ள முற்படும்போது, அவற்றுக்குத் தழைச்சத்து தேவைப்படுகிறது. அதை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளாகிறது. மட்காத மரத்தூளை வயலில் கொட்டினால் பயிர் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே காரணத்தால்தான். நல்ல செய்தி என்னவென்றால், எண்ணெய் காலப்போக்கில் சிதையக்கூடியது. கெட்ட மண்ணை மேலாகப் பரப்பி, காற்றுப் படும்படி கிளறி, ஈரம் காத்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் இட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கும். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்க் கலவை ஒன்றை டெரி நிறுவனம் ‘ஆயில்சாப்பர்’ என்ற பெயரில் உருவாக்கி, நம் நாட்டு எண்ணெய் வயல்களில் பயன்படுத்தியுள்ளது. இந்த வேலைக்கு மாதக்கணக்கிலும், சில இடங்களில் ஆண்டுக்கணக்கிலும் காலம் பிடிக்கும். இதைச் செய்ய வேண்டியது கெடுத்தவரின் பொறுப்பு.

இரண்டாவது, எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் உப்புநீர். எண்ணெயைவிட இதைப் பற்றி நம் உழவர்கள் அதிகம் அறிந்திருக்க வேண்டும். பல எண்ணெய் வயல்களில் இந்நீர் கடல்நீர் அளவுக்கு, சில இடங்களில் அதைவிடவும் உப்பாக இருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அந்த அளவு உப்புள்ள நீர் 10,000 லிட்டர் கொண்ட ஒரு டேங்கர் வயலில் கொட்டப்பட்டால், 350 கிலோ உப்பு, அதாவது 50 கிலோ மூட்டையில் ஏழு மூட்டை உப்பு, அந்த நிலத்தில் இறங்கியதாகக் கணக்கு. உப்பு எண்ணெயைப்போல் சிதையாது. நல்ல நீர் பாய்ச்சி, வடிகால் வெட்டி, அலசி வெளியேற்றினால்தான் போகும். சோடியம் மண்ணில் தங்கிவிட்டால், மண் ஈரத்தில் சேறாகவும் காய்ந்தால் கட்டாந்தரையாகவும் ஆகும். அப்போது ஜிப்சம் இட வேண்டும். நல்ல நீரே அரிதான ஊரில் இந்தச் சீர்திருத்தம் எளிதன்று.

மண்ணின் உப்பு நிலையை மின்கடத்தும் திறனாக அளக்கிறோம். மண்ணின் செறிநிலைச் சாற்றில் இது 4 டெசி சைமன்ஸுக்கு மேல் போனால் அந்த மண்ணை உவர்மண் என்கிறோம். ஆனால் கரும்புக்கு 1.7 ஐயும், தக்காளிக்கு 2.5 ஐயும், நெல்லுக்கு 3.0 ஐயும், நிலக்கடலைக்கு 3.2 ஐயும் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கிவிடும். ஆகவே, வயலில் வெள்ளை பூக்கும்வரை காத்திருப்பவர் அதற்கு முன்பே மகசூலில் நட்டப்பட்டிருப்பார்.

மூன்றாவது, துளையிடும்போது பயன்படும் சேறும், வெளிவரும் பாறைத்தூளும். இவற்றை நீர் கசியாத தாள் விரித்த குழியில்தான் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் குழி நிரம்பி வழிகிறதா, தாள் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது வெளியில் நிற்பவரும் செய்யக்கூடிய கண்காணிப்பு.

மேற்பார்வை யாருடைய பொறுப்பு?

நம் நாட்டில் இதற்குச் சட்டங்கள் உண்டு. 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, எண்ணெய் எடுக்கும் திட்டத்துக்கு முன்அனுமதி தேவை. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டிய திட்டமானால், குறைந்தது 30 நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்தும். மாவட்ட ஆட்சியரோ, அவர் சார்பில் உயர் அலுவலரோ தலைமை தாங்குவார்.

2020 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் நாள் மத்திய அரசு இதில் ஒரு மாற்றம் செய்தது. எண்ணெய் இருக்கிறதா என்று தேடுவதற்கான ஆய்வுக் கிணறுகள் ‘பி2’ என்ற வகைக்கு மாற்றப்பட்டன. இந்த வகைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. உற்பத்திக் கிணறுகளுக்குப் பழைய கடுமையான முறையே தொடர்கிறது. 2025 இல் ராமநாதபுரம் மாவட்டப் பகுதியில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி அளித்த செய்தி வெளிவந்தபோது எதிர்ப்பு எழுந்தது. அனுமதியைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு ஆணையத்திடம் கூறியது. ஆய்வுக் கிணறு என்றால் சிறு வேலை என்று எண்ணிவிட வேண்டாம். அதுவும் நிலத்தை ஆழத் துளைக்கும் வேலைதான். கூட்டம் நடக்காத இடத்தில் உழவர் தாமே விவரம் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு பாதுகாப்பு உண்டு. 2020 பிப்ரவரியில் நம் பக்கத்துச் சேலம் மாவட்டம் தலைவாசலில் அன்றைய முதலமைச்சர் அறிவித்து, அதே மாதத்தில் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அது. காவிரி டெல்டா மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு அமைப்பதை அச்சட்டம் தடுக்கிறது. ஆனால் சட்டம் வருமுன் நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. தருமபுரி மாவட்டம் அந்த மண்டலத்தில் இல்லை.

அனுமதி கிடைத்த பிறகு அன்றாட மேற்பார்வை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. 1974 ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டப்படியும், 1981 ஆம் ஆண்டின் காற்றுச் சட்டப்படியும் வாரியத்தின் இசைவாணை பெற வேண்டும். நிலப்பரப்பில் உள்ள எண்ணெய்க் கிணறுகள் வெளியேற்றும் நீரில், லிட்டருக்கு எண்ணெயும் மசகும் 10 மில்லிகிராமும், குளோரைடு 600 மில்லிகிராமும், கரைந்த உப்புகள் மொத்தம் 2,100 மில்லிகிராமும் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடித்தோம் என்று நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1 இலும் டிசம்பர் 1 இலும், அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

மேற்பார்வை தளர்ந்தால்

விதி இருந்தும் மேற்பார்வை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன்.

அசாம் மாநிலம் பாக்ஜானில், 2020 மே 27 அன்று ஆயில் இந்தியா நிறுவனத்தின் கிணறு ஒன்று கட்டுமீறி எரிவாயுவை வெளியேற்றத் தொடங்கியது. ஜூன் 9 இல் தீப்பிடித்தது. தீயணைப்பாளர் இருவர் உயிரிழந்தனர். சுற்றிலும் இருந்த மக்கள் வீடுவாசலை விட்டு முகாம்களுக்குச் சென்றனர். கிணற்றை அடக்க நவம்பர் வரை ஆயிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழு விசாரித்தபோது, தண்ணீர்ச் சட்டப்படியும் காற்றுச் சட்டப்படியும் பெற வேண்டிய இசைவாணைகள் அந்தக் கிணற்றுக்குப் பெறப்படவில்லை என்று தெரிவித்தது. ஒரு தாள் கோப்பில் இருக்கிறதா என்று கேட்பது சிறு காரியம் அன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

அடுத்தது, ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டின் ஒகோனி பகுதி. அங்கும் உழவரும் மீனவரும் வாழும் ஊர்களுக்கு நடுவே பல பத்தாண்டுகள் எண்ணெய் எடுக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2011 இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், ஓர் ஊரின் குடிநீர்க் கிணற்றில் பென்சீன் என்ற நச்சு, உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்ததாகக் கூறியது. பல இடங்களில் எண்ணெய் 5 மீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. அப்பகுதியை முழுமையாகச் சீராக்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றும் மதிப்பிட்டது. மேல்மண் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அடிமண் கெட்டிருக்கலாம் என்பது இதன் பாடம்.

தண்ணீரின் கேடு கண்ணுக்குத் தெரியாது என்பது தருமபுரி மக்களுக்குப் புதிதன்று. நம் கிணறுகளில் இருந்த புளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிள்ளைகளின் பல்லில் கறை படிந்து, பெரியவர்களின் எலும்பு வளைந்த பிறகே ஊருக்குத் தெரிந்தது. 2013 இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வரும்வரை நாம் பட்ட பாடு போதும்.

குழாய் உங்கள் வயல் வழியே வந்தால்

கொச்சியிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய்த் திட்டம், கோவை முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே வகுக்கப்பட்டது. 2013 இல் மாநில அரசு, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2016 பிப்ரவரியில் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஆகவே, இதற்கு அடிப்படையான 1962 ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

இச்சட்டப்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பயன்படுத்தும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். குழாய் பதித்த பட்டையில் பயிர் செய்யலாம். ஆனால் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. பட்டையின் அகலம் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ அரை ஏக்கர் இந்தக் கட்டுப்பாட்டில் வரும். இரண்டு ஏக்கரில் மா வைத்திருப்பவருக்கு அது நான்கில் ஒரு பங்கு.

அரசிதழில் அறிவிக்கை வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள், உரிய அலுவலரிடம் எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். இந்த 21 நாள்தான் மிக முக்கியம். பயிர், மரம், கிணறு ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதத்துக்கான இழப்பீட்டோடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் தரப்பட வேண்டும். தொகை போதாது என்று கருதினால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். வாயால் சொன்ன ஆட்சேபணையும், எண்ணி வைக்காத மரமும் கணக்கில் ஏறாது.

உழவர் செய்ய வேண்டியவை

1. கிணறோ, குழாயோ, ஆலையோ வருகிறது என்று தெரிந்தவுடன், வேலை தொடங்குமுன் உங்கள் கிணற்று நீரையும் மண்ணையும் சோதித்து வையுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை நன்கு அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். கோடையில் ஒருமுறையும், மழை முடிந்தபின் ஒருமுறையும் எடுப்பது நல்லது. மழையால் வரும் இயல்பான மாறுதலைப் பிரித்தறிய இது உதவும்.

2. மண் மாதிரியை வழக்கம்போல் ஆங்கில எழுத்து ‘வி’ வடிவக் குழி வெட்டி 15 செ.மீ. ஆழம்வரை எடுங்கள். அத்துடன் 30 முதல் 60 செ.மீ. ஆழ மண்ணையும் தனிப்பையில் எடுங்கள். உப்பு கீழே இறங்கித் தங்கும்.

3. கார அமில நிலை, மின்கடத்தும் திறன், குளோரைடு, சோடியம் ஆகியவற்றைக் கேட்டுச் சோதியுங்கள். மண், நீர் மாதிரி எடுக்கும் முறையைப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். எண்ணெய்க் கசடு உண்டா என்ற சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் தேவை. அதற்கான நீரைக் கண்ணாடிப் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்; பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்.

4. மாதிரி எடுத்த நாள், சர்வே எண், கிணற்றின் ஆழம், நீர்மட்டம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் இருவரைச் சாட்சியாகக் கையெழுத்திடச் செய்யுங்கள். மரங்களை எண்ணி, படம் எடுத்து வையுங்கள்.

5. ஒருவர் தனியாகச் செய்வதைவிட, பத்துப் பேர் சேர்ந்து ஊரின் நான்கு திசைகளிலும் கிணறு தேர்ந்து சோதிப்பது செலவும் குறைவு, வலுவும் அதிகம். முடிவுகளைக் கிராம சபையில் படித்துப் பதிவு செய்யுங்கள்.

6. திட்ட அனுமதியின் நகல் ஊராட்சிக்கு வர வேண்டும், அங்கே கேளுங்கள். கிடைக்காவிட்டால் 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யுங்கள்.

உங்கள் சோதனை, வாரியத்தின் சோதனைக்கு மாற்று ஆகாது. வாரிய அலுவலர் முறைப்படி எடுக்கும் மாதிரியே வழக்குக்குச் செல்லும். ஆனால், ‘போன ஆண்டு 1.2 இருந்தது, இப்போது 3.4 இருக்கிறது, வந்து பாருங்கள்’ என்று எழுதிய மனுவை ஒதுக்கிவைப்பது கடினம். சேதம் உண்டானால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இழப்பீடு கேட்கலாம். அதற்குக் கெடு ஐந்து ஆண்டுகள்.

கசிவு கண்டால்

குழாய்ப் பாதையில் எண்ணெய் ஊறினாலோ, மண்ணில் குமிழி வந்தாலோ, காரணமின்றிப் பயிர் திட்டாகக் கருகினாலோ உடனே விலகி நில்லுங்கள். பீடி, தீக்குச்சி, மோட்டார் சுவிட்ச், வண்டி எதையும் இயக்க வேண்டாம். கால்நடைகளை அப்புறப்படுத்துங்கள். குழாய் வழிக் கற்களில் எழுதியிருக்கும் அவசரத் தொலைபேசி எண்ணுக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும் தூரத்திலிருந்து தெரிவியுங்கள். எண்ணெய் படிந்த மண்ணை ஆழ உழுது புதைக்கவோ கொளுத்தவோ கூடாது. புதைத்தால் சீராக்கும் வேலை கடினமாகும். சேதத்தின் அடையாளமும் மறைந்துவிடும். மண் சோதனை முடிவு வரும்வரை அதில் விதைக்க வேண்டாம்.

உழவர் பெருமக்களே, நாட்டுக்கு எரிபொருள் தேவைதான். நம் மோட்டார் சைக்கிளும் டிராக்டரும் அதில்தான் ஓடுகின்றன. எடுப்பவர் முறைப்படி எடுக்க வேண்டும், பார்ப்பவர் முறைப்படி பார்க்க வேண்டும் என்று கேட்பது யாருக்கும் பகை ஆகாது. அப்படிக் கேட்கும்போது கையில் அளவு இருக்கட்டும். இந்தக் கோடையில், எந்த ஆலையும் குழாயும் அருகில் இல்லாதவர்களும்கூட, ஒருமுறை தங்கள் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உரம் இடுவதற்கு அது இப்போதே பயன்படும். மற்றதற்குத் தேவை வராமலே போகட்டும்.